தீருவின் மதிலும் வடக்கன்குளத்துச் சுவரும்

நாஞ்சில் நாட்டில் பனையிலும் வயலிலும் பாடுபட்டு வந்து உட்காரும் ஜனங்களிடம், "அந்நிய ராஜ்யங்கள் அழியுமென்று எபிரேயத் தீர்க்கதரிசிகள் சொன்னார்கள், அப்படியே நடந்தது" என்று பிரசங்கிக்கும் உபதேசிமார் அநேகர். அவர்களுக்குப் பிரியமான அத்தாட்சி தீருப் பட்டணம். நாமும் அதையே எடுத்துக்கொள்ளுவோம்.

எசேக்கியேல் 26-ம் அதிகாரத்தில், பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் வந்து தீருவின் மதில்களை இடிப்பான், கொள்ளையிடுவான், அது மறுபடி கட்டப்படவே மாட்டாது என்றிருக்கிறது. நடந்ததென்ன? 13 வருஷம் முற்றுகையிட்டும் கொள்ளை கிடைக்கவில்லை. இது நமது கற்பனையன்று. 16 வருஷங் கழித்து அதே எசேக்கியேல், 29-ம் அதிகாரத்தில், தீருவில் அவனுக்குக் கூலி கிடைக்காததால் பதிலுக்கு எகிப்தைக் கொடுத்ததாகக் கடவுளே சொல்லுவதாய் எழுதி வைத்திருக்கிறார்! (பாக்கி தீர்க்க அடுத்தவன் தேசம்!) உடனே, கி.மு. 332-ல் அலெக்சாந்தர் பிடித்தானே என்பார்கள். பெயர் சொன்னது ஒருவனை, பிடித்தவன் வேறொருவன். அதுவும் போகட்டும். கட்டப்படாத அந்தத் தீரு, இன்று லெபனானில் சூர் என்ற பெயரோடு ஜனங்கள் குடியிருக்கும் பட்டணமாயிருக்கிறதே, அதற்கென்ன வியாக்கியானம்?

தோழர்களே! தூரதேசத்து மதில் கதை இருக்கட்டும். நம் எல்லைக்கு அடுத்த நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில், கத்தோலிக்கக் கோயிலுக்குள்ளேயே சாதி பிரித்து உட்காரவைக்கச் சுவர் நின்றது. அது விழுமென்று எந்தத் தீர்க்கதரிசியும் சொன்னதில்லை. 1910-ல் கௌசானல் பாதிரியார் அதை இடிக்கச் செய்தார். மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார்கள். உபதேசிமாரே, அடுத்த கூட்டத்தில் 29-ம் அதிகாரத்தோடு இதையும் சேர்த்துப் பிரசங்கிப்பீர்களா?