மலையகத்தின் மண்சரிவு எச்சரிக்கை: பாராட்டு யாருக்குச் சேர வேண்டும்?

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பேரிழப்பை ஏற்படுத்தியது மண்சரிவு. அன்று முதல் 'எச்சரித்தார்களா, இல்லையா' என்ற வாதம் ஓயவில்லை. தமிழில் அறிவித்தல்கள் உரிய நேரத்தில் வரவில்லை என்ற முறைப்பாடும் எழுந்தது. ஓர் எச்சரிக்கை எத்தனை பேரின் கைபட்டு உருவாகிறது என்பதைத்தான் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. மழை பெய்தால் அவதானம், 100 மி.மீ. என்றால் தயார்நிலை, 150 மி.மீ. தாண்டினால் வெளியேற்றம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் இந்த அளவுகோல் ஒரு துறையின் அறிவு மட்டுமல்ல. மழையை அறிந்தவர் வளிமண்டலவியலாளர். சரிவின் அடியில் இருக்கும் மண்ணையும் பாறையையும் அறிந்தவர் புவியியலாளர். தேயிலை மலையில் கான் வெட்டித் துப்புரவாக்காமல் விட்டால் நீர் எங்கே இறங்கும் என்பது பயிர்ச்செய்கை தெரிந்தவருக்குத்தான் புரியும். அதிலும் பெரிய கேள்வி, லயனில் இருப்பவர் ஏன் வெளியேற மறுக்கிறார் என்பது. மாற்றுக் காணி இல்லை, ஒரு நாள் பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. இதை மழைமானி காட்டாது. தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தருக்குத் தெரியும்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்கள் புதையுண்டன. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்றுங்கள் என்று 2005லும் 2011லும் சொல்லப்பட்டிருந்தது. ஆய்வு பிழைக்கவில்லை. ஆய்வுக்கும் லயன் வாசலுக்கும் இடையே இருந்த பாலம்தான் இல்லை. என் பார்வையில் அந்தப் பாலத்தைக் கட்டுவதும் விஞ்ஞானத்தின் ஒரு பகுதியே.

ஆனால் நமது கௌரவங்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. பல்கலைக்கழகப் பதவி உயர்வுக்குக் கைகொடுப்பது பெரும்பாலும் சொந்தப் பெயரில் வெளிவரும் ஆய்வுக் கட்டுரை. தேசிய ஆராய்ச்சிப் பேரவையின் ஜனாதிபதி விருதுகளும் சர்வதேச சஞ்சிகைக் கட்டுரைகளையே மதிக்கின்றன. மூன்று துறையினரோடு சேர்ந்து இரண்டு வருடம் ஹட்டன் மலைகளில் அலைந்து, கடைசியில் தமிழில் ஒரு வெளியேற்றத் திட்டம் தயாரித்த இளம் விரிவுரையாளருக்கு என்ன கிடைக்கும்? கட்டுரை எழுதிய நண்பர் அவரை முந்திப் போவார்.

இது நமக்கு மட்டும் உரிய நோயல்ல. விஞ்ஞான நோபல் பரிசையும் மூன்று பேருக்கு மேல் பகிர முடியாது. ஆனால் 2007இல் சமாதானத்திற்கான நோபல் பரிசின் ஒரு பாதி, காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழுவுக்குக் கிடைத்தது. பல துறை அறிஞர்கள் கூடி உழைத்த அந்த அமைப்பின் உபதலைவர்களில் ஒருவராக அப்போது இருந்தவர் நமது நாட்டின் மொஹான் முனசிங்க.

ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கடை வைத்திருக்கும் நம்மவர்களின் வியாபாரமும் அந்தத் தோட்டங்களை நம்பியே நடக்கிறது. அதனால் இந்தக் கோரிக்கையை நாமும் முன்வைக்கலாம்: ஜனாதிபதி விருதுகளில் குழு வேலைக்கென ஒரு பிரிவு வேண்டும். அதற்கான விண்ணப்பத்தில் பேராசிரியரின் பெயருக்குக் கீழே, மழைமானியை வாசித்த தோட்டத்து உத்தியோகத்தரின் பெயரையும் அறிவித்தலைத் தமிழாக்கியவரின் பெயரையும் எழுத இடம் இருக்க வேண்டும்.