சூடான் பெண்களின் 72 மணி நேரம்: ஒரு கோரிக்கைச் சாசனம்

சூடான் ராணுவத்துக்கும் ஆர்.எஸ்.எஃப். துணைராணுவத்துக்கும் 2023 ஏப்ரல் 15 அன்று போர் மூண்டது. டார்ஃபூரின் அல் ஃபாஷிர் நகரை முற்றுகையிடுவதை நிறுத்துமாறு ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 2024 ஜூனில் 2736-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. முற்றுகை நிற்கவில்லை. 2025 அக்டோபரில் நகரம் ஆர்.எஸ்.எஃப். வசமானது. அங்கிருந்த சௌதி மகப்பேறு மருத்துவமனையில் நோயாளிகளும் துணைக்கு இருந்தவர்களுமாக 460-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. பிள்ளை பெறும் இடத்துக்கே பாதுகாப்பில்லாத நிலையில் இந்தக் கோரிக்கைகளை முன்வைக்கிறோம்.

எல்லாவற்றுக்கும் முதலாவது, காலம். வன்புணர்வுக்கு ஆளானவருக்கு எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். கருத்தரிப்பைத் தடுக்கும் அவசர மாத்திரைக்கு ஐந்து நாள் அவகாசம். 2024 தொடக்கத்திலிருந்து பதிவான 221 சிறார் வன்புணர்வுகளை யூனிசெஃப் 2025 மார்ச்சில் வெளியிட்டது. அவர்களில் 16 பேருக்கு ஐந்து வயதுகூட ஆகவில்லை. வெளியே சொல்ல முடியாமல் போனவை எத்தனையோ. சோதனைச் சாவடியில் லாரியை நிறுத்திவைப்பதும், அனுமதிக் கடிதத்துக்கு அலையவிடுவதும் இந்தக் குழந்தைகளின் மருந்தைப் பறிப்பதுதான். இரு தரப்பும் மருத்துவப் பொருள்களை நிபந்தனையின்றிச் செல்ல விட வேண்டும். போலீஸ் படிவம் இல்லை என்று எந்தப் பெண்ணையும் மருத்துவமனை திருப்பி அனுப்பக் கூடாது.

வன்புணர்வால் உண்டான கருவைக் கலைக்கச் சூடானின் 1991 குற்றவியல் சட்டம் 90 நாள் வரை அனுமதிக்கிறது. மாதக்கணக்கில் அடைத்துவைக்கப்பட்டுத் தப்பி வந்த பெண்ணுக்கு அந்தக் கெடு எப்போதோ முடிந்திருக்கும். அதைத் தளர்த்த வேண்டும்.

பிரசவ ரத்தப்போக்கை நிறுத்தும் ஆக்ஸிடாசினைக் குளிரில் வைக்க வேண்டும். மின்சாரமில்லாத முகாம்களின் மருத்துவச்சிகளுக்கு, குளிர்பெட்டி தேவைப்படாத மிசோப்ரோஸ்டால் மாத்திரையைக் கொடுங்கள். ஊதியத்தையும் கொடுங்கள்.

அக்கம்பக்கத்து இளைஞர்களும் பெண்களும் நடத்தும் அவசர உதவிக் குழுக்களுக்கு நிதி நேரடியாகச் சேர வேண்டும். 2025 தொடக்கத்தில் அமெரிக்க உதவி நிறுத்தப்பட்டபோது அவர்களது பொதுச் சமையற்கூடங்கள் பல மூடப்பட்டன. பசியோடிருக்கும் பெண்ணிடம் ரொட்டிக்கு விலையாக உடலைக் கேட்பவர்கள் எல்லாப் போரிலும் உண்டு; ஆதலால் சமையற்கூடத்தையும் பாதுகாப்பு ஏற்பாடாகவே நாங்கள் கருதுகிறோம்.

டார்ஃபூருக்கு மட்டும் 2004 முதல் இருக்கும் ஆயுதத் தடையைச் சூடான் முழுமைக்கும் விரிவாக்குங்கள். சாட்சியங்களை இப்போதே திரட்டுங்கள். டார்ஃபூரில் 2003-04-இல் நடந்த குற்றங்களுக்காக, வன்புணர்வு உட்பட, ஆயுதக் குழுத் தலைவர் அலி குஷைப் தண்டிக்கப்பட்டது 2025-இல்தான். இன்றைய சிறுமிகளையும் இருபது ஆண்டு காக்கவைக்கக் கூடாது.

இந்திய அரசுக்கு ஒரு சொல். ‘ஆபரேஷன் காவேரி’ மூலம் 2023-இல் தமிழர்கள் உள்ளிட்ட நம்மவர்களை அங்கிருந்து மீட்டீர்கள். மீட்க ஆளில்லாதவர்களுக்கு மருந்தாவது அனுப்புங்கள். வாசகர்களே, உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு இதை எழுதுங்கள்.