அருவியும் நம் கடமையும்

கோத்தகிரி அருகே, தேயிலைத் தோட்டங்களினூடே இறங்கி, சுமார் 250 அடி உயரமுள்ள கேத்தரின் நீர்வீழ்ச்சியைக் காணச் சென்றோம். செங்குத்தான ஒற்றையடிப் பாதை, வழுக்கும் பாறைகள், கால்களில் அட்டைகள்! அருவியைக் கண்டதும் களைப்பெல்லாம் பறந்தது.

ஆனால் பாறையிடுக்குகளில் பிளாஸ்டிக் பைகளும் குவளைகளும் கிடந்தன. நாங்களும் பிஸ்கட் உறைகளை அங்கேயே எறிய இருந்தோம், வெட்கினோம். இந்நீர்தானே கல்லாறாக இறங்கி, மேட்டுப்பாளையம் அருகே பவானியில் கலந்து, பலரின் தாகம் தீர்க்கிறது?

இப்பைகளுக்கும் குவளைகளுக்கும் தமிழகத்தில் 1-1-2019 முதல் தடை உண்டு. ஆயினும் சோதனைச் சாவடியை ஒற்றையடிப் பாதைதோறும் வைக்க இயலுமா? அங்கு நம் மனச்சாட்சியே காவல். தோழியரே, சுமந்து சென்றதைச் சுமந்தே திரும்புவோம். மலையேறத் தெரிந்த நமக்கு அது பாரமன்று!