தீர்ப்பு தந்த மன்றமும் நிழல் தந்த மண்டபமும்

(இரண்டாமாண்டு பி.எஸ்சி. மாணவர்)

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதன்முதலில் மிதித்தவன் நான். என் தந்தையார் மிதித்த பெரிய வாசல் நீதிமன்ற வாசல் ஒன்றுதான். வயலுக்கு வரும் வாய்க்கால் தண்ணீருக்காக ஒரு வழக்கு. வாய்தா தோறும் விடியற்காலைப் பேருந்தில் நெல்லைக்கு வருவார். தாமிரபரணியில் குளித்து, கரையிலுள்ள கல்மண்டபத்தில் கட்டுச்சோற்றை உண்டு, வேட்டி உலர்ந்த பின் நீதிமன்றம் செல்வார்.

நெல்லையின் வரலாறும் ஒருமுறை இதே வழியில் நடந்திருக்கிறது. திருநெல்வேலிச் சந்திப்பை அடுத்த ஆற்றங்கரையில் தைப்பூச மண்டபம் இருக்கிறது. தைப்பூசத்தன்று நெல்லையப்பர் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் இடம் அது. 1908 மார்ச்சில், விபின் சந்திர பாலரின் விடுதலையைக் கொண்டாடிய நாட்களில், அங்கே வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முழங்கினார்கள். 12 ஆம் நாள் இருவரும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் நகரமே கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஜூலை 7 அன்று செஷன்ஸ் நீதிபதி பின்ஹே, சிதம்பரனாருக்கு 40 ஆண்டுகளும் சிவாவுக்கு 10 ஆண்டுகளும் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, சிதம்பரனார் 1912 டிசம்பரில் வெளியே வந்தார்.

அந்தத் தீர்ப்பை நாம் பாடநூலில் படிக்கிறோம். தீர்ப்புக்குக் காரணமான பேச்சு ஒலித்த மண்டபத்தை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

"பசித்தவனுக்குப் பழைய கல் எதற்கு?" என்று விடுதி நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அறை எடுக்கக் காசில்லாதவனுக்கு அந்தக் கல்தானே விடுதி! என் தந்தையார் வழக்கில் தோற்றார். ஆண்டுக்கணக்கில் வாய்தா சொல்லாமல் அவருக்கு நிழல் தந்தது மண்டபம் மட்டுமே.

சுவரில்லாத அம்மண்டபங்களின் அமைப்பையும் எண்ணிப் பாருங்கள். வெள்ளம் தூண்களுக்கிடையே புகுந்து போய்விடும், கட்டடம் நிற்கும். வெள்ளத்துக்கு வழிவிட்டு நிற்கும் அவற்றை நாம் சாக்கடையாலும் குப்பையாலும் சூழ்ந்துவிட்டோம்.

2024 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகள் இருவர் நேரில் வந்து ஆற்றைப் பார்வையிட்டனர். மன்றமே ஆற்றங்கரைக்கு இறங்கி வந்தது. கரையிலேயே படிக்கும் நாம் வரவேண்டாமா?

நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒரு நாளை மண்டபங்களுக்கு ஒதுக்க வேண்டும். குப்பையை அகற்றுவோம்; வரலாற்றைச் சொல்லும் பலகை ஒன்று வைக்க உரியவர்களிடம் அனுமதி கேட்போம்; கோடையில் ஒரு தண்ணீர்ப் பானையும் வைப்போம். பேராசிரியப் பெருமக்கள் ஆவன செய்ய வேண்டுகிறேன். பானை சுமக்க நான் தயார், தோழர்களே, நீங்கள்?