எல்லாம் பச்சைன்னு காட்டினா எல்லாம் சரியா? எண்ணூரும் டேட்டாபேஸ் 'ஹெல்த் செக்'கும்

2023 டிசம்பர் 26 நள்ளிரவு. எண்ணூர் பெரியகுப்பம் மக்களை எழுப்பியது மூக்கைத் துளைத்த நெடிதான். கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கப்பலில் இருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். 50 பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஆலை வாசலில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தபோது காற்றில் அம்மோனியா ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம். வரம்பு 400.

அந்த 400, 24 மணி நேர சராசரிக்கான வரம்பு. சிக்கலே இங்கேதான். ஒரு பேச்சுக்கு, 2,090 ஒரு மணி நேரம் நீடித்தது, மீதி 23 மணி நேரம் பூஜ்யம் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 87. காற்றுத் தரக் குறியீட்டில் அம்மோனியா 200 வரை 'நல்லது', அதாவது பச்சை. ஊரே கண்ணெரிச்சலில் ஓடிய நாளுக்குப் பச்சை!

மணலி, ராயபுரம் என வடசென்னையில் இருக்கும் தானியங்கி நிலையங்கள் இந்தக் கணக்கில்தான் குறியீடு தருகின்றன. அவற்றைக் குறை சொல்லவும் முடியாது. போதுமான நேரத் தரவு, அதாவது 16 மணி நேரமாவது, இல்லையென்றால் குறியீடே வெளியிடக் கூடாது என்பது விதி. யூகிப்பதை விட 'தெரியாது' என்பது நேர்மை. ஆனால் அந்தக் கணக்கு பதில் சொல்வது நாள் முழுக்கக் காற்று எப்படி இருந்தது என்ற கேள்விக்கு. 'இப்போ ஓடணுமா?' என்பது வேறு கேள்வி.

டேட்டாபேஸ் ஆட்களுக்கு இந்தத் தலைவலி பழக்கம். உங்கள் பேமென்ட் ஆப்பின் தரவு ஒரே மெஷினில் இருக்காது. பல மெஷின்களில் பிரிந்து, நகலெடுக்கப்பட்டு இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு நோடு. 'உயிரோட இருக்கேன்' என்று ஒவ்வொன்றும் அடிக்கடி சொல்ல வேண்டும். இதற்குப் பெயர் ஹார்ட்பீட். கசாண்ட்ரா டேட்டாபேஸில் நோடுகள் நொடிக்கொரு முறை தங்களுக்குள் 'கிசுகிசு' பேசும். ஒன்று மௌனமானால் உடனே செத்ததாக முடிவு கட்டாமல், மௌனம் நீள நீள சந்தேக மதிப்பெண்ணைக் கூட்டும். எல்லை தாண்டினால்தான் ஒதுக்கிவைக்கும்.

அவசரப்பட்டால் என்ன ஆகும்? 2025 அக்டோபர் 20 அமேசான் கிளவுட் முடக்கத்தில் பார்த்தோம். முதல் கோளாறு டைனமோடிபி டேட்டாபேஸின் டிஎன்எஸ்ஸில். பிறகு ஹெல்த் செக் அமைப்பே தடுமாறி, நல்ல சர்வர்களையும் கழற்றிவிட்டது.

இதைவிட மோசம், ஹார்ட்பீட் சரியாக வந்துகொண்டே இருக்கும், உள்ளே டிஸ்க் உறைந்து நிற்கும். 'இருக்கியா?' என்று கேட்டால் 'இருக்கேன்'. ஒரு வரி எழுதச் சொன்னால் பதிலே வராது. அதனால்தான் நல்ல டீம்கள் பிங்கோடு நிறுத்தாமல், உண்மையிலேயே ஒரு பதிவை எழுதி, திரும்பப் படித்துப் பார்க்கும். சராசரி வேகத்தை நம்பாமல், ரொம்பத் தாமதமான கோரிக்கைகளைத் தனியாக எண்ணும்.

எண்ணூர் கசிவை தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது. குழாய்க்குத் தானியங்கி கசிவு சென்சார், அலாரம் வேண்டும் என்று நிபுணர் குழு பரிந்துரைத்தது. சரி, சென்சார் மாட்டுவது பாதி வேலை. கடல் உப்புக் காற்றில் அது மௌனமானால் எத்தனை நிமிடத்தில் தெரியும்? ராத்திரி ஒரு மணிக்கு யார் போன் அடிக்கும்? ஆலை கன்ட்ரோல் ரூமில் மட்டுமா, பெரியகுப்பம் தெருவிலுமா?