மருந்திடம் நோயாளி வேண்டுவது என்ன?

ஆஸ்துமா நோயாளிக்கு மருந்து எழுதும் மருத்துவர், மூச்சுக்குழலின் உட்புற வீக்கம் நாளடைவில் தணிய வேண்டும் என எண்ணுகிறார். நோயாளியோ, நெஞ்சின் இறுக்கம் இந்த நிமிடமே விலக வேண்டும் என்கிறார். இரண்டுமே நியாயமான விருப்பங்கள்தாம். ஆயினும் இவற்றுக்கு வெவ்வேறு மருந்துகள் உள்ளன என்ற செய்தி நம் வீடுகள் பலவற்றை இன்னும் எட்டவில்லை.

நீல நிற இன்ஹேலரில் பெரும்பாலும் இருப்பது சால்பூட்டமால். 1969-ஆம் ஆண்டு புழக்கத்திற்கு வந்த இம்மருந்து, இறுகிய தசைகளைச் சில நிமிடங்களில் தளர்த்துகிறது. எனவே நோயாளி இதை நேசிக்கிறார். ஆனால் வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரோ, இழுத்த மாத்திரத்தில் எதையும் உணர்த்துவதில்லை. அதன் பலன் தெரியச் சில நாட்கள், ஏன், வாரங்கள்கூட ஆகலாம். பலன் தெரியாத மருந்துக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும் எனக் கருதி, பலர் அதை அலமாரியில் ஒதுக்கிவிடுகின்றனர். ஆபத்து தொடங்குவது இங்கேதான்.

"பஃப் வைத்தால் பழகிவிடும், மாத்திரை போதும்" என்போரும் நம்மிடையே ஏராளம். கணக்கைச் சற்றுப் பாருங்கள். சால்பூட்டமால் இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வெளிவருவது 100 மைக்ரோகிராம். 4 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் இருப்பதோ அதைப்போல் 40 மடங்கு! அது உடலெங்கும் பரவிய பின்பே நுரையீரலை அடைகிறது. கைநடுக்கமும் படபடப்பும் அதனால்தான் மிகுகின்றன. ஸ்டீராய்டு இன்ஹேலரைப் பயன்படுத்துவோர் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டால், வாயில் பூஞ்சை படர்வதைப் பெரிதும் தவிர்க்கலாம்.

ஒரேயடியாகக் குணம் வேண்டும் என்ற ஏக்கமும் உண்டு. ஜூன் மாதத்தில் ஹைதராபாத்தில் உயிருள்ள விரால் மீன்குஞ்சுடன் மருந்து விழுங்கக் கூடும் பெருங்கூட்டத்தை வேறெப்படி விளங்கிக்கொள்வது? அம்மருந்து ஆஸ்துமாவைக் குணப்படுத்தும் என்பதற்கு அறிவியல் சான்று இல்லை.

நோயாளியின் விருப்பத்தையும் மருத்துவரின் விருப்பத்தையும் ஓரளவு இணைத்து வைத்த மாற்றம் 2019-இல் நிகழ்ந்தது. ஆஸ்துமா சிகிச்சைக்கு வழிகாட்டும் ஜினா என்ற உலகளாவிய அமைப்பு, பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்பூட்டமால் போன்ற மருந்தை மட்டும் தனித்துக் கொடுப்பதைப் பரிந்துரைப்பதில்லை என அறிவித்தது. விரைந்து செயல்படும் ஃபார்மோட்டராலும் பியூடெசோனைடு என்ற ஸ்டீராய்டும் ஒன்றாய்ச் சேர்ந்த இன்ஹேலர் இப்போது பலருக்கு எழுதப்படுகிறது. திணறல் தணியும்போதே வீக்கத்திற்கும் மருந்து போய்ச் சேர்ந்துவிடுகிறது.

பெண் பிள்ளைகளின் நிலை வேறு. நிக்காஹ் பேச்சு தொடங்கியதும் இன்ஹேலர் ஒளித்து வைக்கப்படுகிறது. அவள் வேண்டுவது பிறர் கண்ணில் படாத மருந்தை! மறைத்து மணமுடித்து அனுப்பிய பின், நள்ளிரவில் மூச்சு முட்டினால் அவள் யாரை எழுப்புவாள்? பெற்றோரே, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ரமழானில் நோயாளி கேட்பது நோன்புக்கு இடையூறில்லாத மருந்து. இன்ஹேலர் நோன்பை முறிக்குமா என்பதில் ஆலிம்களிடையே இருவேறு கருத்துகள் உள்ளன. எனினும் மூச்சுத் திணறும் வேளையில் மருந்தை ஒதுக்கி உயிரைப் பணயம் வைக்க எவரும் சொல்லவில்லை. நோயாளி பின்னர் களாச் செய்யும் சலுகையை அல்பகரா அத்தியாயமே அளித்துள்ளது. தடுப்பு மருந்துகள் பலவும் நாளுக்கு இருவேளை எடுப்பவையே. ஷஅபான் மாதத்திலேயே மருத்துவரைக் கண்டு, ஸஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்றவாறு வேளைகளை மாற்றி எழுதி வாங்கிக்கொள்ளலாம்.