ஆணையர் தன் கையால் எழுதட்டும்

நகராட்சியில் சாதி எங்கே இருக்கிறது என்று கேட்டால் தூய்மைப் பணியாளர் வருகைப் பதிவேட்டைக் காட்டுவோம். தெருப் பெயர்களைக் காட்டுவோம், சுடுகாட்டைக் காட்டுவோம். இந்தப் பட்டியலில் நான் இன்னொன்றையும் சேர்ப்பேன்: அனுமதி வழங்கும் மென்பொருளுக்குள் கிடக்கும் டெம்ப்ளேட்.

உள்ளாட்சி அமைப்புகளுக்கு இந்த டெம்ப்ளேட்டுகளை அமைத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. கட்டட அனுமதி, சாலை வெட்டு அனுமதி, தொழில் உரிமம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு டெம்ப்ளேட் உண்டு. என்னென்ன கேள்விகள், எந்தக் கேள்விக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம், எந்தப் பதிலுக்கு எவ்வளவு கட்டணம், கோப்பு முதலில் யாருக்குப் போகும், அச்சாகி வரும் உத்தரவின் கீழே என்ன நிபந்தனைகள், எத்தனை நாளில் காலாவதி என்பதெல்லாம் அதற்குள்ளேயே முடிவாகிவிடும். சட்டம் என்ன சொன்னாலும், டெம்ப்ளேட்டில் இல்லாத கேள்வியை எந்த எழுத்தரும் கேட்கப்போவதில்லை.

சாலை வெட்டு அனுமதியை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு அகலம், தார்ச் சாலையா, கான்கிரீட்டா, மண்ணா என்றெல்லாம் கேட்கிறோம். சாலையின் மேல்தோலுக்கு ஒரு டிராப்டவுன் இருக்கிறது. பள்ளத்தில் யார் இறங்குவார் என்பதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. கட்டட அனுமதியில் பொறியாளருக்குப் பதிவு எண் கேட்போம், கட்டடக் கலைஞருக்கும் கேட்போம். தொழிலைப் பிரிப்பது வேறு, தொழிலாளர்களையே பிரித்து அடுக்குவது வேறு என்று அம்பேத்கர் 1936இல் எழுதினார். அந்த அடுக்கை எங்கள் திரையில் தினமும் பார்க்கிறேன். மேலே இருப்பவருக்குப் பதிவு எண், கீழே இறங்குபவருக்கு வெற்றிடம். யாரும் திட்டமிட்டு இப்படிச் செய்யவில்லை. எந்த டெம்ப்ளேட்டையும் நாங்கள் வெறுந்தாளிலிருந்து தொடங்குவதில்லை, பழையதை நகலெடுத்துத் திருத்துவோம். பழையது அதற்கும் பழைய காகிதப் படிவத்தின் நகல். சாதி நீடிப்பதற்கு யாரும் புதிதாக எதையும் செய்ய வேண்டியதில்லை, நகலெடுத்தால் போதும்.

இப்போது என்னை இதை எழுதவைத்த விஷயத்துக்கு வருகிறேன். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, பாதாளச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் அபாயகரமான முறையில் சுத்தம் செய்ய யாரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ அமர்த்தக் கூடாது என்கிறது. முதல் முறை மீறினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஆனால் ‘அபாயகரமான’ என்ற சொல்லை அந்தச் சட்டம் விளக்கும் விதத்தைப் பாருங்கள். பாதுகாப்புக் கருவிகளும் முன்னெச்சரிக்கை ஏற்பாடுகளும் இல்லாமல் இறக்கினால்தான் அது அபாயம். இறக்குவதே தவறு என்று சட்டம் சொல்லவில்லை.

அதே ஆண்டு வந்த விதிகளில் 3ஆவது விதி, சாக்கடைக்குள் ஆளை இறக்கக்கூடிய ஐந்து சூழல்களைச் சொல்கிறது. உடைந்த மேன்ஹோல் மூடியை எடுப்பது, புதுக் குழாயைப் பழைய குழாயுடன் இணைப்பது, அடியில் இருக்கும் மோட்டாரை வெளியே எடுப்பது, மேன்ஹோலைத் திரும்பக் கட்டுவது ஆகிய நான்கும் குறிப்பான வேலைகள். ஐந்தாவது அப்படியல்ல. தவிர்க்கவே முடியாத எந்தச் சூழலிலும் இறக்கலாம், ஆனால் உள்ளாட்சியின் தலைமை அலுவலர் அதற்கான காரணத்தை எழுத்தில் பதிவுசெய்து அனுமதிக்க வேண்டும். நம் ஊரில் அவர் நகராட்சி ஆணையர், பேரூராட்சியில் செயல் அலுவலர்.

நான் கலந்துகொண்ட ஒரு கூட்டத்தில் இந்த ஐந்தாவது சூழலுக்கு ஒரு டெம்ப்ளேட் கேட்டார்கள். காரணங்களை டிராப்டவுனில் போட்டுவிடுங்கள், ‘இயந்திரம் செல்ல வழியில்லை’, ‘அவசரம்’, ‘இதர’ என்று கொடுத்தால் போதும் என்றார் ஓர் அலுவலர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, வேலை சீக்கிரம் முடியட்டும் என்றுதான் சொன்னார். நான் மறுத்தேன்.

எல்லாப் படிவங்களும் எளிதாக வேண்டும் என்பதுதான் எங்கள் துறையின் வேதம். திருமண மண்டபத்துக்கும் டீக்கடைக்கும் அது சரி. ஒரு மனிதரை மலக்குழிக்குள் அனுப்புவதற்கான உத்தரவு எளிதாக இருக்கவே கூடாது. விதியை எழுதியவர்கள் ‘எழுத்தில் காரணம்’ என்று கேட்டது, அந்த அதிகாரி ஒரு கணமாவது யோசித்து, தன் பெயரில், தன் வாக்கியத்தில் எழுத வேண்டும் என்பதற்காகத்தான். மூன்று சொற்களில் ஒன்றைச் சொடுக்கினால் அது காரணம் ஆகாது, பழக்கம் ஆகிவிடும். நாளைக்கு ஒருவர் இறந்தால் ‘சிஸ்டத்தில் அனுமதி இருந்ததே’ என்பார்கள். ஆகவே சில அனுமதிகளுக்கு டெம்ப்ளேட்டே இருக்கக் கூடாது என்பது என் கட்சி. ஆணையர் வெள்ளைத்தாளில் எழுதட்டும். எந்த இயந்திரத்தைக் கேட்டோம், அது ஏன் வரவில்லை, விஷவாயுவை அளந்தது யார், என்ன அளவு இருந்தது, கூலி தருபவர் யார் என்று எழுதட்டும். அந்த உத்தரவு அன்று மாலையே காலாவதியாகட்டும், மறுநாள் அலுவலகச் சுவரில் ஒட்டப்படட்டும்.

பெரும்பாலும் வீட்டுக்காரரே யாரையோ கூப்பிட்டு இறக்குகிறார், அவரிடம் ஏது அனுமதி என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்த வீட்டுக்காரரும் வீடு கட்டும்போது ஒருமுறை நம்மிடம் அனுமதிக்கு வந்திருப்பார். இங்கேதான் டெம்ப்ளேட்டில் சேர்க்க வேண்டியது இருக்கிறது. மழைநீர் சேகரிப்பை நினைத்துப் பாருங்கள். 2003இல் தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் போட்டு அதைக் கட்டாயமாக்கியது. இன்றைக்கு அது இல்லாத வரைபடத்தை எந்தப் பொறியாளரும் கொடுக்க மாட்டார். நிலத்தடி நீருக்காக ஒரு கட்டாயக் கேள்வியைச் சேர்க்க முடிந்தது.

நான் பார்த்த கட்டட அனுமதி டெம்ப்ளேட்டுகளில் செப்டிக் டேங்க் என்றால் நீள, அகல, ஆழம்தான். கழிவுநீர் லாரியின் குழாய் அந்தத் தொட்டிவரை எட்டுமா? மூடி வெளியிலிருந்து திறக்கும்படி இருக்கிறதா, அல்லது சமையலறைக்குக் கீழே டைல்ஸ் ஒட்டி மூடப்படப்போகிறதா? கடைசியாக எப்போது உறிஞ்சி எடுத்தார்கள் என்று பின்னாளில் நகராட்சி கேட்க ஒரு தேதி பதிவாகுமா? இவற்றுக்குக் கட்டம் இல்லை. லாரி எட்டாத இடத்தில் தொட்டி கட்டும் வீட்டுக்காரர், பல ஆண்டுகள் கழித்து ஒருவர் அதற்குள் இறங்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவுசெய்கிறார். அந்த ஒருவர் எந்தத் தெருவிலிருந்து வருவார் என்பது ஊருக்கே தெரியும்.

2024 ஜூலையில் சுயசான்று முறை வந்த பிறகு இது இன்னும் முக்கியமாகிவிட்டது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு, இணையத்தில் விண்ணப்பித்த உடனே அனுமதி கிடைக்கிறது. அலைச்சலும் லஞ்சமும் குறையும், நல்லது. ஆனால் இடையில் எந்த அலுவலரின் கண்ணும் இல்லையென்றால், கேட்க வேண்டியதைக் கேட்க அந்தப் படிவம் மட்டுமே மிச்சம்.

2014இல் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு மலக்குழி மரணத்துக்கும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சம் ஆக்கியது. அதே 2023இல் ஒன்றிய நிதிநிலை அறிக்கை ‘மேன்ஹோல்’ இனி ‘மெஷின் ஹோல்’ ஆகும் என்றது. பெயர் மாறியது, தொகை கூடியது. 1993 முதலான மரணங்களுக்கு ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கில் முதலிடம் தமிழ்நாட்டுக்குத்தான். சமூகநீதி மண் என்று மேடைதோறும் பேசுபவர்கள் இந்தக் கணக்குக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

உங்கள் ஊரில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு போதும். 2013ஆம் ஆண்டு விதிகளின் 3ஆவது விதிப்படி இதுவரை எத்தனை எழுத்துப்பூர்வ அனுமதிகள் தரப்பட்டன என்று கேளுங்கள், அவற்றின் நகல்களைக் கேளுங்கள். கட்டட அனுமதிப் படிவத்தில் கழிவுநீர் லாரி எட்டும் வழி பற்றிய கேள்வி உண்டா என்றும் கேளுங்கள். ‘ஒன்றுமில்லை’ என்று பதில் வந்தால், அதே ஆண்டுகளில் உங்கள் ஊரில் சாக்கடையில் இறங்கியவர்களின் புகைப்படங்களோடு ஆணையரைப் போய்ப் பாருங்கள். மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்பாகவே ஒட்டிவிடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும்.